தொண்டையும் மூச்சும் மட்டும்: பியோர்க்கின் ‘மெடுல்லா’வைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘மெடுல்லா’வை முதல் தடவை போட்டபோது மூன்றாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். ஹெட்ஃபோன் வயரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஒருவர் தொண்டையைச் செருமுகிறார், இன்னொருவர் காதுக்குள் மூச்சு விடுகிறார், நடுவில் ஒரு கூட்டமே வந்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகிறது. வயரை மாற்றியும் அதே கதைதான். மறுபடி அதைத் தொட ஓராண்டுக்கு மேல் ஆனது.

அந்த இரண்டாவது முயற்சியில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்கக் கூடாது. வாத்தியம் இல்லாத பாட்டு என்று நினைத்துக்கொண்டும் கேட்கக் கூடாது. எந்தச் சத்தம் யாருடைய உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே கேட்க வேண்டும். அதற்கு ஏற்ற வரிசையைத்தான் கீழே சொல்கிறேன். ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நான்கைந்து மாலைகள் போதும்.

படி 1: தேவையான அளவு முன்கதை

பியோர்க் ஐஸ்லாந்துக்காரர், 1965இல் ரெய்க்யவிக்கில் பிறந்தவர். ‘சுகர்க்யூப்ஸ்’ குழுவில் பாடிவிட்டு 1993இல் ‘டெபியூ’ ஆல்பத்தோடு தனிப்பாதைக்கு வந்தார். 1997இல் வந்த ‘ஹோமோஜெனிக்’கில் வயலின் கூட்டமும் எலக்ட்ரானிக் தாளமும் மோதின. 2001இல் வந்த ‘வெஸ்பர்டீன்’ பனி விழுவதைப் போல மெதுவான, நுணுக்கமான ஆல்பம். அதற்கு அடுத்தது, 2004 ஆகஸ்ட் இறுதியில் வெளியான இந்த ‘மெடுல்லா’. 14 பாடல்கள், மொத்தம் சுமார் 45 நிமிடம்.

வழக்கம்போல வாத்தியங்களோடுதான் இந்த வேலையையும் தொடங்கினார். பதிவு செய்தவற்றைக் கேட்கும்போது வாத்தியத் தடங்களை ஒவ்வொன்றாக மௌனமாக்கிப் பார்த்தார். குரல்கள் மட்டும் மிஞ்சியபோது பாட்டு இன்னும் நன்றாக இருந்தது. சரி, இப்படியே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அதனால் தாளம், பேஸ், பின்னணி என்று நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி மனித வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் எதுவும் தொடாத பச்சைக் குரல் என்று நினைத்துவிடாதீர்கள். மார்க் பெல், மேட்மாஸ், வால்கெய்ர் சிகுர்த்சன் போன்ற எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் அந்தக் குரல்களைக் கணினியில் வெட்டி, அடுக்கி, முறுக்கியிருக்கிறார்கள். ஓரிரு இடங்களில் பியானோவும் சிந்தசைசரும் தலைகாட்டும். இங்கே ஒரு வாத்தியம் கூட இல்லை என்று சத்தியம் செய்யும் விமர்சனங்களை நம்ப வேண்டாம்.

பெயரையும் கவனியுங்கள். ‘மெடுல்லா’ லத்தீன் சொல். எலும்பின் மஜ்ஜை, ஒரு பொருளின் உள்சாரம் என்று பொருள். நம் உயிரியல் பாடப்புத்தகத்தில் ‘மெடுல்லா ஆப்லாங்கேட்டா’ என்று வந்ததே, அதே சொல்தான். தமிழில் முகுளம். மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதி. பியோர்க்கின் மனதில் இருந்தது மஜ்ஜைதான். ஆனாலும் மூச்சே பெரிய வாத்தியமாக இருக்கிற ஓர் ஆல்பத்துக்கு முகுளமும் பொருந்திப்போகிறது.

படி 2: ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம்

பேஸ் முழுவதும் போய்விடும். சாதாரண ஹெட்ஃபோன் போதும். இரண்டு காதும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். குரல்களை இடம், வலம் எனப் பரப்பி வைத்திருக்கிறார்கள்.

படி 3: முதலில் நீங்களே ஒரு நிமிடம் செய்து பாருங்கள்

சிரிக்காமல் செய்யுங்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் நல்லது.

உதட்டை இறுக மூடி, குரல் எழுப்பாமல் ‘ப்’ என்று காற்றை வெடிக்க விடுங்கள். அது டிரம்ஸின் கிக். பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்து ‘ட்ஸ்’. அது ஹை-ஹாட். நாக்கின் பின்பகுதியை அண்ணத்தில் ஒட்டி ‘க்’ என்று அழுத்தி விடுங்கள். அது ஸ்னேர். இப்போது ‘ப்... ட்ஸ்... க்... ட்ஸ்...’ என்று சீராகத் திருப்பிச் சொல்லுங்கள். வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கும் பீட்பாக்ஸ் கலையின் அரிச்சுவடி இவ்வளவுதான்.

கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவருக்கு இது வீட்டுப் பழக்கம் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ‘தகதிமி தகஜுனு’ என்பது தாளத்தைச் சொற்கட்டாகச் சொல்வது. அதை மிருதங்கம் என்று யாரும் ஏமாற மாட்டார்கள், ஏமாற்றுவது அதன் நோக்கமும் இல்லை. பீட்பாக்ஸோ டிரம்ஸின் சத்தத்தையே களவாடுகிறது. கண்ணை மூடினால் வாய் மறைந்து டிரம்ஸ் மட்டும் தெரிய வேண்டும். ‘மெடுல்லா’ இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடும். சில நேரம் அது டிரம்ஸ் என்றே நம்பிவிடுவோம். அடுத்த கணம் எச்சில் சத்தம் கேட்டு, அடடா, இது ஒருத்தருடைய வாய் என்று திடுக்கிடுவோம். அந்தத் திடுக்கிடலுக்காகத்தான் இந்தப் பயிற்சி.

இன்னொன்றும் செய்யுங்கள். மூச்சை வெளியே விடும்போது ‘ஹம்’ என்று அடித்தொண்டையில் ஓர் ஒலி, உள்ளே இழுக்கும்போது ‘ஹா’ என்று இன்னோர் ஒலி. இரண்டையும் மாற்றி மாற்றி, வேகமாக. பத்து நொடியில் தலை சுற்றும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இது படி 7க்குத் தேவைப்படும்.

படி 4: கடைசிப் பாட்டை முதலில் கேளுங்கள்

14ஆவது பாட்டு ‘ட்ரையம்ஃப் ஆஃப் எ ஹார்ட்’. ஆல்பத்திலேயே மிகவும் குஷியான பாட்டு இதுதான். நரம்பு, நுரையீரல், ரத்தம், இதயம் என்று உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டாடுகிற பாட்டு. ஆடலாம். உண்மையாகவே ஆடலாம்.

மூன்று பேரைத் தேடுங்கள். முதலாவது ராசெல். அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான ‘தி ரூட்ஸ்’ஸில் இருந்த பீட்பாக்ஸ் கலைஞர். தாளத்தையும் பாட்டையும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் செய்து காட்டிப் பேர் வாங்கியவர். இரண்டாவது டோகாகா என்ற ஜப்பானியர். ராக் பாடல்களின் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் தன் வாயாலேயே பதிவு செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தவர். அதைக் கேட்டுத்தான் பியோர்க் அவரைப் பிடித்தார். மூன்றாவது கிரெகரி பர்ன்ஹேகன். இவருடைய பங்கு ‘மனித ட்ராம்போன்’. நடுவில் ஒரு பித்தளைக் கருவி குறும்பாக நுழைகிறதே என்று தோன்றும் இடத்தில் இருப்பது அவர்தான்.

முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை பியோர்க்கின் குரலை மறந்துவிட்டு, அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள்.

அப்புறம் இதன் வீடியோவையும் பார்த்துவிடுங்கள். ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கியது. பியோர்க்கின் கணவனாக ஒரு பூனை நடித்திருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அதே மாலையில் 6ஆவது பாட்டு ‘ஹூ இஸ் இட்’டையும் கேட்டுவிடலாம். மெட்டு சட்டென்று மனதில் ஒட்டும், ராசெலின் தாளம் தெளிவாகக் கேட்கும். இந்த இரண்டும் பிடிக்கவில்லையென்றால் மற்றவை பிடிப்பது கடினம். அப்படியானால் ‘வெஸ்பர்டீன்’ பக்கம் போய்விட்டு வாருங்கள். அதில் குறையொன்றும் இல்லை.

படி 5: விருந்தாளிகளைப் பிரித்துக் கேளுங்கள்

சினிமாப் பாட்டில் இரண்டாவது பாடகர் வந்தால் அவருக்கென்று ஒரு சரணம் இருக்கும். இந்த ஆல்பத்தில் அந்த மரியாதை அநேகமாக யாருக்கும் இல்லை. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உள்ளே வந்ததும் ஒரு வாத்தியமாகிவிட வேண்டியதுதான். அதனால் தேடினால்தான் கிடைப்பார்கள்.

3ஆவது பாட்டு ‘வேர் இஸ் தி லைன்’. நான் ஓடிப்போன பாட்டு இதுதான். கொடுத்துக்கொண்டே இருப்பவளிடம் ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், எல்லை எது என்று அவள் வெடிக்கிறாள். அந்தக் கோபத்துக்குத் தாளம் போடுவது ராசெல். ‘ஃபெயித் நோ மோர்’ குழுவின் மைக் பேட்டன் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருக்கிறார். ஐஸ்லாந்துக் கோரஸ் குழு வெட்டு வெட்டாக வந்து மோதுகிறது. ஒரு கோரஸ் என்றால் மென்மையாக ‘ஆ...’ என்று மிதக்கும் என்ற நம் பழக்கத்தை இந்தப் பாட்டு உடைத்துவிடுகிறது. கோரஸை ஒரு தடவை, ராசெலை ஒரு தடவை, பேட்டனை ஒரு தடவை என்று மூன்று முறை கேளுங்கள். எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை. பாட்டே எரிச்சலைப் பற்றியதுதான்.

7ஆவது பாட்டு ‘சப்மரீன்’ இதற்கு நேர் எதிர். இங்கே வருபவர் ராபர்ட் வயட். 1960களில் ‘சாஃப்ட் மெஷின்’ குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். 1973இல் ஒரு மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியிலிருந்தபடியே அடுத்த ஆண்டு ‘ராக் பாட்டம்’ என்ற மறக்க முடியாத ஆல்பத்தைத் தந்தார். அவருடைய குரலில் வயதும் குழந்தைத்தனமும் சேர்ந்தே இருக்கும். கொஞ்சம் நடுங்கும், ஆனால் சுருதி விலகாது. அதைப் பல அடுக்காகப் படிய வைத்து, நீருக்கடியிலிருந்து வருவதைப் போலக் குழைத்திருக்கிறார்கள். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பிவிடச் சொல்லும் பாட்டு. எனக்குக் கேட்கும்போதெல்லாம் தூக்கம்தான் வருகிறது. பாராட்டாகவே சொல்கிறேன்.

8ஆவது பாட்டு ‘டிசைர்ட் கான்ஸ்டெலேஷன்’ விருந்தாளியே இல்லாதது போல இருக்கும். பின்னணியில் எதையோ குலுக்கித் தூவுவதைப் போல ஒரு சரசரப்பு. நெடுநாள் அது பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பியோர்க்கின் குரலேதான். ‘வெஸ்பர்டீன்’ ஆல்பத்தின் ‘ஹிடன் ப்ளேஸ்’ பாட்டிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதைத்து ஒலிவியே அலாரி என்பவர் இந்தப் பின்னணியை நெய்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முந்தைய தன் குரலையே விருந்தாளியாக அழைத்திருக்கிறார் பியோர்க். ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

படி 6: ஐஸ்லாந்து மொழிப் பாட்டுகளும் சின்னப் பாட்டுகளும்

4ஆவது பாட்டு ‘வோக்குரோ’வுக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். இது பியோர்க் இயற்றியது இல்லை. ஐஸ்லாந்தின் முக்கியமான இசையமைப்பாளர் யோருன் விதர், 1918இல் பிறந்து 2017இல் மறைந்தவர், யாகோபினா சிகுர்தர்தோத்திரின் கவிதைக்குப் போட்ட மெட்டு. என் பண்ணையும் உன் பண்ணையும் நிம்மதியாக உறங்குகின்றன, சத்தமில்லாமல் பனி விழுகிறது என்று தொடங்குகிறது. மொழி தெரியாவிட்டாலும் தாலாட்டு என்று காது கண்டுபிடித்துவிடும். இத்தனை சோதனைகளுக்கு நடுவே, கோரஸ் இங்கே கோரஸாகவே பாடுகிறது.

10ஆவது பாட்டு அமெரிக்கக் கவிஞர் இ. இ. கம்மிங்ஸின் ஒரு பதினான்கு வரிக் கவிதை. உன் மனம் ஒருநாள் வேறொருவரிடம் போகுமானால் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, நானே அவரிடம் போய் வாழ்த்திவிட்டு வருகிறேன் என்கிறது. இரண்டே நிமிடம்தான்.

2, 5, 13 ஆகிய மூன்றும் அதைவிடச் சின்னவை. 2ஆவது ‘ஷோ மீ ஃபர்கிவ்னெஸ்’ தன்னந்தனிக் குரல், பக்கத்தில் யாருமே இல்லை. மற்ற இரண்டும் பியோர்க் தன் குரலையே அடுக்கிக் கட்டியவை. அவற்றில் வார்த்தைக்குப் பொருள் தேடாதீர்கள். 13ஆவது பாட்டின் தலைப்பான ‘மித்விக்குதாக்ஸ்’ என்பது புதன்கிழமையைக் குறிக்கும் சொல், பாட்டில் வருவதோ வெறும் உளறல். நம் ஊரில் குலவைக்குப் பொருள் கேட்போமா?

12ஆவது ‘மவுத்ஸ் க்ரேடில்’ தாய்ப்பால் கொடுப்பதைச் சுற்றி எழுதியது. குழந்தையின் வாய்க்கு ஏறிப்போகும் ஏணியாகப் பற்கள் வரும். பியோர்க்கின் மகள் 2002இல் பிறந்தவள் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். உள்ளே ஒசாமாக்களிடமிருந்தும் புஷ்களிடமிருந்தும் விலகி ஓர் இடம் வேண்டும் என்ற வரி திடீரென்று எட்டிப்பார்க்கும். இராக் போர் நடந்துகொண்டிருந்த 2004இல் வந்த ஆல்பம் இது. அரசியல் வரும் நேரடியான இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

படி 7: இன்யுவிட் தொண்டைப் பாட்டு

இனி கடினமான பகுதி. 11ஆவது பாட்டு ‘ஆன்செஸ்டர்ஸ்’, அதாவது மூதாதையர். வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போடாதீர்கள். நான் போட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து, “யாருக்குடா மூச்சுத் திணறுது?” என்று கேட்டார்.

மூச்சுத் திணறுவதைப் போல ஒலிப்பவர் டான்யா டகாக். கனடாவின் வடகோடியில், நூனவுட் பகுதியின் கேம்பிரிட்ஜ் பே ஊரைச் சேர்ந்த இன்யுவிட் பழங்குடிப் பெண். ‘கட்டஜ்ஜக்’ என்பது அந்த மக்களின் பெண்கள் ஆடும் தொண்டை விளையாட்டு. இரண்டு பெண்கள் நேருக்கு நேர், முகத்தோடு முகம் நெருங்கி நின்றுகொள்வார்கள். ஒருத்தி ஓர் ஒலியை எழுப்ப, அதன் இடைவெளியில் மற்றவள் பதில் ஒலியை நுழைப்பாள். மூச்சு உள்ளே போகும்போதும் ஒலி, வெளியே வரும்போதும் ஒலி. முதலில் சிரித்துவிடுபவள் அல்லது மூச்சு வாங்கி நிற்பவள் தோற்றவள்.

டகாக்குக்கு எதிரே நிற்க ஆள் இல்லை. ஊரைவிட்டுத் தொலைவில் ஹாலிஃபேக்ஸில் கலைக்கல்லூரியில் படித்தபோது, அம்மா அனுப்பிய ஒலிநாடாக்களைக் கேட்டுத் தானாகவே பழகினார். இருவர் ஆடுவதைத் தனியொருத்தியாகச் செய்யும் பாணி அப்படித்தான் வந்தது. 2001இல் பியோர்க் தன் சுற்றுப்பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் ‘ஆன்செஸ்டர்’ஸில் வந்து நிற்கிறது. பாட்டில் சொல் கிடையாது. பியோர்க் இழுத்து இழுத்து முனகுகிறார், டகாக் உறுமுகிறார், ஒரு பியானோ ஒதுங்கி நின்று தொட்டுவிட்டுப் போகிறது. ஆல்பத்தில் பியானோ தெளிவாகக் கேட்கும் இடம் இதுதான்.

படி 3இல் மூச்சை இழுத்தும் விட்டும் ஒலி எழுப்பினீர்களே, அதை நினைவில் வைத்துக் கேளுங்கள். நமக்குப் பத்து நொடியில் தலை சுற்றியது. இவர் நிமிடக்கணக்கில் செய்கிறார். உடம்பால் ஒருமுறை செய்து பார்த்த பிறகு, விசித்திரம் என்ற எண்ணம் போய் வியப்பு வந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. அம்மாவுக்கு ஆகவில்லை.

இந்தப் பாட்டு கொஞ்சம் நீளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடத்தை வெட்டியிருக்கலாம்.

படி 8: கடலின் பாட்டு

9ஆவது ‘ஓசியானியா’வை இதுவரை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். இதை முதலில் வீடியோவில் பார்க்க வேண்டும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்காகச் சர்வதேச ஒலிம்பிக் குழு கேட்டு எழுதிய பாட்டு இது. ஆகஸ்ட் 13 அன்று தொடக்க விழாவில் பியோர்க் பாடினார். பாடப் பாட, அவர் உடுத்தியிருந்த உடை விரிந்துகொண்டே போய், கீழே நின்ற விளையாட்டு வீரர்களின் தலைக்கு மேல் பரவியது. சுமார் 10,000 சதுர அடி. அதில் உலக வரைபடம் தெரிந்தது.

வரிகளை எழுதியவர் அவருடைய நெடுநாள் நண்பர், ஐஸ்லாந்துக் கவிஞர் ஷோன். பேசுவது கடல். என்னைவிட்டுக் கரையேறிப்போன பிள்ளைகளே, எல்லைகளும் நாடுகளும் என் கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிறது. உங்கள் வியர்வையில் உப்பு கரிப்பதே நான் கொடுத்த சீதனம் என்பதைப் போல உரிமை கொண்டாடுகிறது. ஒலிம்பிக் வீரர்களுக்கு வியர்வையைச் சொன்னது பொருத்தம்தான்.

இனி ஆல்பத்தில் உள்ள வடிவத்தைக் கேளுங்கள். பின்னால் சுழன்று சுழன்று மேலேறும் குரல்கள் லண்டன் கோரஸ் குழுவின் பெண்கள். மாலுமிகளை மயக்கும் கடல்மோகினிகள் என்று வைத்துக்கொள்ளலாம். தாளத்தில் ஷ்லோமோ என்ற பிரிட்டன் பீட்பாக்ஸ் கலைஞர் இருக்கிறார். ராபர்ட் வயட்டின் குரலும் அடியில் கலந்திருக்கிறது. ‘சப்மரீன்’ கேட்டுப் பழகிய காதுக்கு அதைக் கண்டுபிடிப்பது எளிது.

படி 9: இப்போது வரிசையாக, நிறுத்தாமல்

ஒரு வாரம் கழித்து, 45 நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாத நேரம் பார்த்து, 1இலிருந்து 14 வரை போடுங்கள். உரத்த பாட்டுக்குப் பின் தனிக்குரல், கூட்டத்துக்குப் பின் தாலாட்டு என்று மூச்சு இழுத்து விடுவதைப் போல அடுக்கியிருப்பது இப்போது தெரியும். ‘வேர் இஸ் தி லைன்’ முடிந்த கையோடு ‘வோக்குரோ’ வரும்போது கிடைக்கும் ஆறுதல், வரிசை மாற்றிக் கேட்டால் கிடைக்காது.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ரக்ன்ஹெய்துர் கெஸ்ட்ஸ்தோத்திர் எடுத்த ஆவணப்படம் ஒன்று உண்டு. அதன் தலைப்பு ‘மெடுல்லா’வுக்கு அகராதி தரும் விளக்கமேதான். பதிவறையில் இந்தக் குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதை அதில் பார்க்கலாம். டகாக் பிடித்துப்போனவர்கள் அவருடைய ‘அனிமிசம்’ ஆல்பத்துக்குப் போகலாம். 2014இல் கனடாவின் போலாரிஸ் பரிசு வாங்கியது. வயட் பிடித்தவர்களுக்கு ‘ராக் பாட்டம்’.

முதல் பாட்டு ‘ப்ளெஷர் இஸ் ஆல் மைன்’ பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அது வரிசையாகக் கேட்பவர்களுக்கென்றே வைத்திருந்தது. பேட்டன், ராசெல், டகாக் மூவரும் அதில் ஒன்றாக இருக்கிறார்கள். பெயர் சொல்லாமலே இப்போது உங்களால் அவர்களைப் பிரித்துக் கேட்க முடியும். தொடக்கத்தில் வரும் அந்த மூச்சைத் தவறவிடாதீர்கள்.